கரையில் நின்று பாஸ் பிடிக்க எது சரி? ரீல், நரம்பு, லூர், பருவம்: ஓர் ஒப்பீடு

பாஸ் மீன் பிடிப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி படகில் போகிறவர்களை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. பெரிய போட்டிகள் படகில்தான் நடக்கின்றன, புதிய லூர்களும் (செயற்கை இரைகளும்) அந்தப் போட்டிகளை ஒட்டியே பெயர் வாங்குகின்றன. அதே சாமான்களோடு கரையில் போய் நின்றால் பாதிதான் வேலைக்கு ஆகும். காரணம் எளிது. படகுக்காரர் ஆழத்தில் நின்று கரையை நோக்கி வீசுகிறார். அவருடைய லூர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வருகிறது. நாம் கரையில் நின்று ஆழத்தை நோக்கி வீசுகிறோம்; நம் லூர் பள்ளத்திலிருந்து மேடேறி வருகிறது. மேடேறும் லூர் கல், வேர், பாசி எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டுதான் வரும். எந்தச் சாமானை வாங்குவது, எந்தப் பருவத்தில் போவது என்ற கேள்விகளையெல்லாம் இந்த இடத்திலிருந்து பார்த்தால் விடைகள் நிறைய மாறுகின்றன.

இங்கே பாஸ் என்பது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் நன்னீர் மீனான இது இன்று ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் என்று பல நாடுகளின் ஏரிகளில் இருக்கிறது. இதன் உறவுக்காரரான ஸ்மால்மவுத் பாஸ் தெளிந்த, குளிர்ந்த, பாறை நிறைந்த நீரை விரும்பும். வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். பாசியும் கோரையும் விழுந்த மரமும் உள்ள அமைதியான நீர்தான் லார்ஜ்மவுத்துக்குப் பிடித்த இடம். அது பெரும்பாலும் கரையோரத்திலேயே அமைந்துவிடுவது நமக்கு வசதி.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா?

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு, அதாவது தூண்டில் இழை, சுற்றிய உருளை) சுழலாமல் நிற்க, நரம்பு அவிழ்ந்து போகும்; பெய்ட்காஸ்டரில் வீசும்போது ஸ்பூலே சுழலும். ஒரே ஒரு ராட் (தூண்டில் கோல்) என்றால் ஸ்பின்னிங்தான். பெய்ட்காஸ்டர் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. கனமான லூரைக் குறிபார்த்து வீசவும், தடித்த நரம்பைக் கட்டி அடர்ந்த பாசிக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்கவும் அதற்கு ஈடில்லை. கட்டைவிரல் ஸ்பூல் மேலேயே இருப்பதால் லூரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் கரையில் நன்றாக வேலை செய்யும் லூர்களில் பல 7 கிராமுக்குக் குறைவானவை. அவ்வளவு லேசான எடை சாதாரணப் பெய்ட்காஸ்டரின் ஸ்பூலைச் சரியாகச் சுழற்றாது. எதிர்க்காற்றில் லூரின் வேகம் குறைய, ஸ்பூல் அதே வேகத்தில் சுற்ற, நரம்பு முழுதும் சிக்கிக்கொள்ளும். போதாததற்குக் கரையில் முதுகுக்குப் பின்னால் மரக்கிளைகள் இருக்கும். கையை முழுதாக ஓங்க முடியாத இடத்தில் பக்கவாட்டில் சுண்டிவிடுவது ஸ்பின்னிங்கில் சுலபம்.

6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், மீடியம் பவர் (நடுத்தர வலு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனியே அதிகம் வளையும்) ராட். 2500 அல்லது 3000 அளவு ரீல். இது போதும். பெய்ட்காஸ்டரை இரண்டாவது ராடாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லி இலைகள் மூடிய குளத்தில் தவளை லூர் போட அது வேண்டியிருக்கும்.

மூன்று வகை நரம்பு

மோனோ (ஒற்றை நைலான் இழை) நீளும், பழகச் சுலபம், முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஃப்ளூரோகார்பன் நீரில் மூழ்கும், மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது, கல்லில் உரசினாலும் ஓரளவு தாங்கும். பிரெய்ட் (பின்னிய இழை) மிக மெல்லியது, நீளவே நீளாது, மிதக்கும், ஆனால் தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும். கூரான பாறை விளிம்பில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டால் முடிவே வராது. லூரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தில் ஓட்டும் பாப்பருக்கு ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் நரம்பு மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். மும்முள் மாட்டிய கிராங்க்பெய்ட்டை (முன்னால் உதடு போன்ற தகடு உள்ள, இழுத்தால் நீருக்குள் இறங்கும் லூரை) நீளாத பிரெய்ட்டில் இழுத்தால் மீன் தலையை உலுக்கும்போது வாய் கிழிந்து முள் கழன்றுவிடலாம். அங்கே மோனோவின் நெகிழ்வு உதவுகிறது. பாசிக்கு மேல் ஓட்டும் தவளை லூருக்கோ 50 பவுண்டு பிரெய்ட் தவிர வேறெதுவும் சரிப்படாது. பாசியை அறுத்துக்கொண்டு மீனை வெளியே கொண்டுவர அதற்குத்தான் வலு உண்டு.

ஸ்பின்னிங் ரீலுக்கு என் தேர்வு 10 அல்லது 15 பவுண்டு பிரெய்ட், முன்னால் 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் இணைக்கும் துண்டு நரம்பு). ஃப்ளூரோகார்பனை முழு ஸ்பூலாகச் சுற்றினால் அதன் விறைப்பால் சுருள் சுருளாகக் குதித்து வெளியே வரும். லீடராக மட்டும் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பிரெய்ட்டின் மெல்லிய தன்மையால் வீச்சு தூரம் போகிறது, தூரத்தில் நடக்கும் சின்னத் தட்டலும் கைக்கு வருகிறது. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மெலிதாக இருக்கும், ராட் வளையங்களில் தட்டாது. ஆனால் கரையில் காற்றில் நின்றுகொண்டு கட்டுவதற்கு டபுள் யூனி முடிச்சு போதும், அது சீக்கிரமும் முடியும்.

நேர் வீச்சா, கரையோர வீச்சா?

சாமான்களைவிட இதற்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். கரைக்கு வந்ததும் முழுப் பலத்தோடு நடு ஏரியை நோக்கி வீசுவதுதான் பொதுவாக எல்லோரும் செய்வது. அப்படி வீசும்போது லூர் பயணம் செய்யும் தூரத்தில் பெரும்பகுதி மீன் இல்லாத வெற்று நீர். பாஸ் ஒளிந்திருந்து தாக்கும் மீன்; பாசி முடியும் விளிம்பு, தரை திடீரென இறங்கும் இடம், மரக்கட்டையின் நிழல் போன்ற எல்லைகளை ஒட்டியே நிற்கும். இந்த எல்லைகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடுகின்றன. கரையை ஒட்டி நீளவாக்கில் வீசினால் லூர் முழு நேரமும் மீன் இருக்கும் ஆழத்திலேயே வரும், மேடேறி மாட்டிக்கொள்ளும் சிக்கலும் பெருமளவு தீரும்.

அதனால் முதல் வீச்சு நேராக முன்னால் போகக் கூடாது. நீர் விளிம்புக்குப் போகும் முன்பே, சில அடி பின்னால் நின்று, கால் பக்கத்து நீரை இரண்டு புறமும் தேடிவிட வேண்டும். தரையில் அழுத்தி வைக்கும் காலடியின் அதிர்வைப் பாஸ் தன் பக்கக் கோட்டு (உடலின் இரு பக்கமும் ஓடும், அதிர்வை உணரும் உறுப்பு) உணர்வால் அறிந்துகொள்ளும், நீரில் விழும் நம் நிழலையும் கவனிக்கும். ஓரத்தில் நின்ற மீனை விரட்டிவிட்டு அப்புறம் நடு ஏரியில் தேடுவது வீண் வேலை. விசிறிபோல் திசையை மாற்றி மாற்றி நடுப்பக்கம் வீசுவது அடுத்த கட்டம்.

வேகமான லூரா, மெதுவான லூரா?

இரண்டு தரப்புக்கும் தீவிர ஆதரவாளர்கள் உண்டு. ஸ்பின்னர்பெய்ட் (கம்பிக் கையில் சுழலும் தகடு உள்ள லூர்), கிராங்க்பெய்ட் போன்றவை வேகமாக நீரை அலசும். பசியோடு அலையும் மீனை விரைவில் கண்டுபிடித்துக் கொடுக்கும். மென்மையான பிளாஸ்டிக் புழுக்கள் ஒரே இடத்தில் பொறுமையாக வேலை செய்யும். பசியில்லாத மீனையும் வாய் திறக்க வைக்கும். படகில் இருப்பவர் ஒரு நாளில் பல கிலோமீட்டர் கரையை அலசலாம், அவருக்கு வேகம் லாபம். கரையில் நிற்பவருக்குக் கைக்கு எட்டும் நீர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நன்றாகத் தேட மெதுவான லூரே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

அதிலும் ஐந்து அங்குலக் குச்சிப் புழுவின் நடுவில் முள் மாட்டும் வாக்கி ரிக்கை (ரிக் என்பது முள், புழு, எடை ஆகியவற்றைக் கட்டும் அமைப்பு) முதலில் சொல்வேன். கேரி யமமோட்டோ நிறுவனத்தின் சென்கோ இந்த வகையில் பேர்போனது. உப்பு கலந்த பிளாஸ்டிக் என்பதால் ஈயமே கட்டாமல் நல்ல தூரம் போகும், இரண்டு முனைகளும் நடுங்கியபடி மெதுவாக இறங்கும். பெரும்பாலான கடி அந்த இறக்கத்தில்தான் வரும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ திடீரெனத் தொய்ந்தாலோ தாமதிக்காமல் இழுக்க வேண்டும். தாமதித்தால் மீன் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும், அதை உயிரோடு விடுவது கடினமாகிவிடும். புழு நடுவில் கிழியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் போட்டு அதற்குள் முள்ளைச் செருகலாம்.

முள் வெளியே தெரிவது வாக்கியின் குறை. பாசி அடர்ந்த இடத்தில் டெக்சாஸ் ரிக் அதை எளிதாக வெல்லும். முள்ளின் முனையைப் புழுவுக்குள் புதைத்து, முன்னால் 3.5 முதல் 7 கிராம் வரை தோட்டா வடிவ எடை கட்டினால் மேடேறி வரும்போதும் சிக்காமல் வரும். கரைக்கென்றே செய்தது போல இருக்கும் அமைப்பு இது. எடைக்கு ஈயமா டங்ஸ்டனா என்றால், டங்ஸ்டன் விலை கூடினாலும் அளவில் சிறியது, தரை மணலா கல்லா என்பதைக் கைக்குத் துல்லியமாகச் சொல்லும். சில பகுதிகளில் சிறிய ஈய எடைகளுக்குத் தடையும் இருக்கிறது. நெட் ரிக் (காளான் வடிவ எடையுள்ள முள்ளில் மாட்டிய சிறு புழு) சுத்தமான தரையில், தெளிந்த நீரில் பிரமாதம்; பாசியில் வேண்டாம்.

வேக லூர்களில் கரைக்கு ஏற்றது ஸ்பின்னர்பெய்ட். அதன் கம்பிக் கை முள்ளுக்கு முன்னால் வந்து குச்சிகளில் மோதித் தள்ளிவிடும். கலங்கிய நீரில் அதிர்வு அதிகமான வட்டத் தகடு, தெளிந்த நீரில் மினுமினுக்கும் நீள் தகடு. காற்று நேராக வந்து மோதும் கரையில் பலரும் நிற்கத் தயங்குவார்கள். ஆனால் காற்று நுண்ணுயிர்களையும் அவற்றைத் தின்னும் சிறு மீன்களையும் அந்தப் பக்கம் ஒதுக்கும், அலை நம்மை மறைக்கும். ஸ்பின்னர்பெய்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆழமாகப் போகும் கிராங்க்பெய்ட் மட்டும் கரைக்கு ஒத்துவராது. மேடேறும்போது நேரே தரையைக் குத்தி மாட்டும். சதுர உதட்டு வகை ஒன்றரை மீட்டருக்குள் ஓடும், கரையோர வீச்சுக்குப் பொருந்தும்.

உயிருள்ள இரையா லூரா என்ற பழைய வாதத்தில் உலக சாதனையே சமநிலையில் நிற்கிறது. 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி லூரால் பிடித்த மீனும், 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிதா உயிருள்ள புளூகில் என்னும் சிறு நன்னீர் மீனை இரையாக வைத்துப் பிடித்ததும் இணைச் சாதனைகள்: 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஆனாலும் பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவருக்கு லூர்தான் நல்லது, உயிருள்ள இரையை மீன் ஆழமாக விழுங்கும் வாய்ப்பு அதிகம். ஒரு நீர்நிலையின் சிறு மீனை இன்னொன்றுக்கு எடுத்துப் போவது நோயையும் அந்நிய இனங்களையும் பரப்பும் என்பதும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

எந்தப் பருவம்?

வசந்தத்துக்கு நிகரில்லை. நீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பாஸ் ஆழத்தை விட்டு மேலே நகரத் தொடங்கும், 16 முதல் 21 டிகிரிக்குள் முட்டையிடும். படகே தேவையில்லாத ஆழத்துக்குப் பெரிய மீன்கள் தாமாகவே வந்து சேரும் ஒரே காலம் இது. வட அரைக்கோளத்தில் ஏரியின் வடகரை வெயிலை அதிகம் வாங்கும், குளிர்ந்த வடகாற்றிலிருந்தும் ஒதுங்கியிருக்கும். ஆகவே அங்கேதான் நீர் முதலில் சூடாகிறது. முட்டையிடுவதற்கு முந்தைய சில வாரங்களில் மீன் நன்றாகத் தின்னும். ஸ்பின்னர்பெய்ட்டும் சதுர உதட்டு கிராங்க்பெய்ட்டும் மெதுவான லூர்களை மிஞ்சும் நாட்கள் இவை.

முட்டையிட்ட பிறகு காவல் ஆண் மீனின் வேலை. வாலால் தரையைத் துடைத்துக் குழிபோல் கூடு அமைப்பதும், முட்டைகளையும் குஞ்சுகளையும் பாதுகாப்பதும் அதுதான். கரையிலிருந்து பார்த்தாலே கூடு தெரியும், லூரைப் போட்டால் கோபத்தில் கவ்வும். பிடிப்பது சுலபம். ஆனால் அந்த ஆண் மீன் கூட்டை விட்டு விலகிய சில நிமிடங்களில் புளூகில் போன்ற மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். உடனே விட்டால் பரவாயில்லை என்பவர்கள் உண்டு. சில இடங்களில் சட்டமே அந்தக் காலத்தை மூடிவிடுகிறது. சட்டம் அனுமதித்தாலும் கூட்டில் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்பேன். இன்னும் முட்டையிடாத மீன்கள் அதே கரையில் இரண்டு வீச்சு தள்ளி இருக்கும்.

இலையுதிர் காலம் வசந்தத்துக்கு அடுத்தது. நீர் குளிர ஆரம்பித்ததும் சிறு மீன் கூட்டங்கள் ஓடை வாய்களுக்கும் ஆழமில்லாத முனைகளுக்கும் நகரும், பாஸ் பின்தொடரும். வசந்தத்தில் இடம் நிலையானது, மீன் தேடி வரும். இலையுதிரில் இரை நகர்ந்துகொண்டே இருக்கும், நாம் நடக்க வேண்டும். நீர்மட்டத்தில் சிறு மீன்கள் சிதறிக் குதிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வீசுவது சும்மா வீசுவதைவிட எவ்வளவோ மேல்.

கோடையில் நேரம்தான் தீர்மானிக்கும். விடியலிலும் அந்தியிலும் பாப்பர், தவளை லூர். வெயில் ஏறியதும் மீன் ஆழத்துக்குப் போய்விட்டது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். வளமான பல ஏரிகளில் கோடையில் நீர் அடுக்குகளாகப் பிரிந்து, அடி அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அதனால் மிக ஆழத்துக்கு மீன் போக முடியாது. ஒரு பகுதி மீன்கள் பாசிக் கூரையின் நிழலிலேயே, கரைக்குப் பக்கத்தில் தங்கிவிடும். டெக்சாஸ் ரிக்கைப் பாசியின் ஓட்டைகளில் இறக்கினால் நண்பகலிலும் கடி வரும். சூடான நீரில் மீன் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டாமல் கரை சேர்த்து, ஈரக் கையால் பிடித்து உடனே விட வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கிக் கிடைமட்டமாகத் திருப்பக் கூடாது, வயிற்றுக்கு இன்னொரு கை வேண்டும்.

குளிர்காலம் கடைசி இடம். குளிர்ந்த உடம்பில் செரிமானம் மந்தம், மீன் இரையைத் துரத்தாது. போவதென்றால் விடியலை விட்டுவிட்டு, நீர் ஓரிரு டிகிரி ஏறியிருக்கும் பின்மதியத்தில் போங்கள். சிறிய குளமோ, ஆழம் கரைக்கு அருகிலேயே இருக்கும் அணைப் பக்கமோ, வெயில் வாங்கிய கற்குவியலோ தேடுங்கள். சின்ன ஜிக் (தலையில் எடை வார்த்த முள்) அல்லது நெட் ரிக்கைத் தரையில் வைத்து, இழுப்பதற்கு முன் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கடி ஒரு தட்டலாகக்கூட வராது, நரம்பு கொஞ்சம் கனத்தது போல மட்டும் இருக்கும். அந்தக் கனத்துக்கே ராடைத் தூக்கிவிட வேண்டும்.