லினக்ஸ் நிறுவக் கொடுத்தேன், டி டிரைவே போய்விட்டது: 5,200 ரூபாய் பறித்த கடை

விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவையும் நிறுவித் தரும்படி ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடையில் என் மடிக்கணினியைக் கொடுத்தேன். அதன் 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டில், டி டிரைவ் முழுவதும் பல ஆண்டுகளாக நான் தயாரித்த பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் வினாத்தாள்களும், மறைந்த என் தந்தையின் ஒளிப்படங்களும் இருந்தன. "டி டிரைவைத் தொடவே மாட்டோம் சார், எதற்கும் பேக்கப் எடுத்துவிடுகிறோம்" என்று கடைக்காரர் சொன்னதோடு நில்லாமல், நிறுவுவதற்கு 1,500, பேக்கப்புக்கு 700 என்று ரசீதில் தனித்தனியாக எழுதியும் தந்தார். அந்த ரசீதைப் பார்த்துத்தான் முழுவதுமாக நம்பினேன்.

திரும்பி வந்த கணினியில் விண்டோஸும் இல்லை, டி டிரைவும் இல்லை. வட்டின் பிரிவுகளான பார்ட்டிஷன்களைத் திறந்து பார்த்தால், கணினியைத் தொடக்க உதவும் சிறிய இஎஃப்ஐ பகுதி ஒன்றும், மீதி வட்டு முழுவதையும் அடைத்த லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 வடிவிலுள்ள ஒரே பகுதியும் மட்டுமே இருந்தன. விண்டோஸோடு சேர்த்து நிறுவும் தேர்வை விட்டுவிட்டு, வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தேர்வை அழுத்தியிருக்கிறார்கள். பேக்கப் எங்கே என்று கேட்டதற்கு, "லினக்ஸ் போட்டால் சில நேரம் இப்படி ஆகும்" என்றார்கள். ரசீதைக் காட்டியதும், எடுத்த பையன் விடுப்பில் இருக்கிறான் என்றார்கள்.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. ரெக்கவரி செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று மேலும் 3,000 ரூபாய் முன்பணமாக வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து ஒரு கோப்புகூட இல்லாமல் திருப்பித் தந்தார்கள். எஸ்எஸ்டியை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யும்போதே பழைய தரவு இருந்த இடங்களை விடுவிக்கும்படி வட்டுக்குக் கட்டளை போய்விடுவதால், அதன்பின் மீட்பது ஏறக்குறைய இயலாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்தே வாங்கினார்கள் என்றுதான் சொல்வேன். மொத்தம் 5,200 ரூபாய். இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

லினக்ஸ் நிறுவக் கொடுப்பவர்கள், பேக்கப் அடங்கிய வெளி வட்டு தங்கள் கைக்கு வந்து, அதைத் திறந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இடத்தைச் சுருக்கி, காலி இடம் ஒதுக்கிக் கொடுங்கள். வட்டைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இருந்தால் மீட்புக் குறியீட்டை முன்பே எழுதி வையுங்கள். எந்தெந்தப் பார்ட்டிஷன் மாறும் என்று நிறுவும் மென்பொருள் காட்டும் கடைசித் திரையை அருகிலிருந்து படியுங்கள். 5,200 ரூபாய் வாங்கிய அந்தக் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது.