பெங்களூரில் முயலுக்கு டிமோத்தி உலர்புல்: வாங்குமுன் அறிய வேண்டியவை

வீட்டில் முயல் வளர்ப்பவர் மாதந்தோறும் செய்யும் செலவுகளில் தயக்கமே இல்லாமல் செய்ய வேண்டியது எது என்று கேட்டால், நல்ல டிமோத்தி உலர்புல் என்றே சொல்வேன். அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் வளரும் இரண்டு முயல்களுக்காக, இந்நகரின் செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையவழியிலும் கிடைக்கும் உலர்புல் வகைகள் பலவற்றை வாங்கிப் பிரித்து, முகர்ந்து, அவை எதை விரும்பித் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்பதைக் கவனித்து வந்திருக்கிறேன். இம்மதிப்பீடு முதன்மையாக வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி புல்லைப் பற்றியது. அதற்கு மாற்றாக இங்கே விற்கப்படும் மற்றவற்றையும் உடன் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

புல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முயலுக்கு 28 பற்கள். அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். கேரட்டைக் கடிப்பதால் பல் தேயும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கன்னப்பற்களைத் தேய்ப்பது, நீண்ட நாரைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து அரைக்கும் வேலைதான், அந்த வேலையைப் புல் மட்டுமே நாள் முழுவதும் கொடுக்க முடியும். அரைபட்ட புல்லின் செரிக்காத தடித்த நார் குடலை ஓயாமல் இயங்க வைக்கிறது. நுண்ணிய பகுதி குருட்டுக்குடலுக்குத் திரும்பி, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து, திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான கழிவாக வெளிவருகிறது. அதை முயல் உடனே தின்று, தனக்குத் தேவையான பி வகை வைட்டமின்களையும் புரதத்தையும் பெறுகிறது. நார் குறைந்தால் இந்த ஓட்டம் தளர்ந்து, குடல் நின்றுபோகும் நிலை வருகிறது. வீட்டு முயல்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இது முன்னிலையில் நிற்பது. அதனால்தான் வளர்ந்த முயலின் உணவில் ஏறத்தாழ 80 விழுக்காடு உலர்புல்லாக இருக்க வேண்டும் என்று முயல் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

டிமோத்தி குளிர்ப் பகுதிப் புல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிட்டிடாஸ் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் இதை ஏற்றுமதிக்கென்றே பயிரிடுகிறார்கள். நம் சமவெளியின் வெப்பத்துக்கு அது ஏற்றதன்று; ஆகவே விலை கூடுதலாக இருப்பதற்குக் கப்பல் பயணமும் ஒரு காரணம். பையின் மீது முதல் அறுவடை, இரண்டாம் அறுவடை என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. முதல் அறுவடையில் தண்டும் கதிரும் மிகுதி, நாரும் மிகுதி. பல்லுக்கும் குடலுக்கும் அதுவே உகந்தது. இரண்டாம் அறுவடையில் இலை அதிகம், மென்மையும் மணமும் கூடுதல். புல்லையே தொடாத பிடிவாதமான முயலைப் பழக்க அது உதவும். எங்கள் பெண் முயல் கதிரைத் தேடித் தேடி எடுத்துத் தின்னும், ஆண் முயலோ இலையை முடித்துவிட்டுத்தான் தண்டுக்கு வரும். இரண்டையும் கலந்து போடுவதே எங்கள் வீட்டில் நன்றாக அமைந்திருக்கிறது.

நான் வாங்கியவற்றுள், வெளிநாட்டிலேயே அடைத்து மூடிய பைகளில் வந்த டிமோத்தி ஏறக்குறைய எப்போதும் தரமாக இருந்தது. பையைத் திறந்ததும் வெயிலில் உலர்ந்த வயலின் மணம் வர வேண்டும். நிறம் பச்சையும் பொன்னும் கலந்திருக்க வேண்டும். தண்டுகள் விரல் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தருமபுரியில் மாடு வளர்க்கும் என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு பிடி எடுத்துக் கசக்கி முகர்ந்துவிட்டு, "நனையாம அறுத்துக் காயவெச்ச புல்லும்மா இது" என்றார். அறுத்துப் போட்ட புல் மழையில் நனைந்தால் பழுப்பேறி மணமிழந்துவிடும், அப்படிப்பட்டதை மாடும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் என்று அவர் விளக்கியது, முயலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கடைகளில் பெரிய கட்டைப் பிரித்து, சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களாக மறுபடி அடைத்து விற்பதும் உண்டு. இவற்றில் எனக்கு நிறைவில்லை. கட்டின் அடியில் தங்கிய தூளும் நொறுங்கிய துண்டுகளும்தான் பெரும்பாலும் பொட்டலத்துக்குள் போகின்றன. எந்த ஆண்டு அறுவடை என்ற குறிப்பும் இருப்பதில்லை. ஒரு கடையில் வாங்கிய பொட்டலத்தின் நடுவில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது, அதை அப்படியே குப்பையில் சேர்த்தேன். வாங்கியதும் ஒரு பிடியை வெள்ளைத் துணியின் மேல் உதறிப் பாருங்கள். துணியில் தூசி படலமாகப் படிந்தால் அந்தப் புல் வேண்டாம். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் உயிர். மூக்கடைப்பும் தும்மலும் அதற்கு நமக்கு வரும் சளியைப் போலச் சிறிய தொல்லையல்ல. விலையிலும் இந்தப் பொட்டலங்கள் இலாபமில்லை. ஒரு பொட்டலத்தின் விலையைக் கிலோ கணக்குக்கு மாற்றிப் பார்த்தால், பெரிய பை வாங்குவதே மலிவு என்பது தெரியும்.

சித்தப்பா கேட்ட இன்னொரு கேள்வி, வைக்கோல் போட்டால் ஆகாதா என்பது. ஆகாது. நெல் முற்றிய பிறகு எஞ்சும் தாளில் புரதம் மிகக் குறைவு, மண்சத்தான சிலிக்கா மிகுதி. கூண்டுக்குள் பரப்புவதற்கு அது நல்ல படுக்கை. உணவாக அதை நம்பியிருக்க முடியாது.

குதிரை மசால் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெங்களூரில் இதைத்தான் "முயல் புல்" என்று சொல்லிப் பல இடங்களில் கொடுக்கிறார்கள். இது புல்லே அல்ல, பயறுக் குடும்பத்துச் செடி. டிமோத்தியைவிட இதில் புரதமும் கூடுதல், கால்சியம் இரண்டு மூன்று மடங்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய் முயலுக்கும் அது நல்லது. வளர்ந்த முயலின் உடலோ, உணவிலுள்ள கால்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இயல்புடையது. தினமும் குதிரை மசாலே தின்றால் சிறுநீர் வெண்மையாகக் குழம்பி, சிறுநீர்ப்பையில் படிவாகத் தேங்கி, நாளடைவில் கல்லாகவும் ஆகலாம். ஆகவே வளர்ந்த முயல் உள்ள வீட்டில் இதை எப்போதாவது ஒரு பிடி என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. டிமோத்தி கிடைக்காத வாரங்களில் ஓட்ஸ் உலர்புல் குதிரை மசாலைவிட நல்ல மாற்று. பூ விற்பவர்களிடம் கிடைக்கும் அருகம்புல்லையும் நன்றாகக் கழுவிப் பசுமையாகவே கொடுக்கலாம், எங்கள் முயல்கள் அதற்காகக் காத்துக் கிடக்கும். சாலையோரப் புல்லை மட்டும் அறுத்துவர வேண்டாம். நாய்களின் கழிவும் வண்டிப் புகையும் பூச்சிமருந்தும் அதில் இருக்கும்.

வண்ண வண்ணத் துண்டுகளும் மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் கலந்த தீவனத்தைக் காட்டி, சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைக்காரர், "இது ஒண்ணே போதுங்க, புல்லெல்லாம் தேவையில்லை" என்றார். இந்தக் கலவையை எந்த முயலுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவுச்சத்தும் கொழுப்பும் நிறைந்த துண்டுகளைப் பொறுக்கித் தின்று முயல் பருத்துப்போகும், குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். ஒரே நிறமும் ஒரே அளவும் கொண்ட, புல்லை மூலப்பொருளாகக் கொண்ட குருணைத் தீவனம் போதும், அதுவும் முயலின் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் நாளொன்றுக்கு வேண்டாம். கொத்தமல்லித் தழையும் புதினாவும் தினமும் ஒரு கைப்பிடி தரலாம். கேரட்டும் பழமும் சிறு துண்டாக, எப்போதாவது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது.

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு, சிந்துவதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் புல் என்று கணக்கிட்டால், மாதத்துக்கு மூன்று கிலோ ஆகும். இந்நகரின் நீண்ட மழைக்காலத்தில் இதைப் பாதுகாப்பதுதான் சிரமம். காற்றுப் புகாமல் இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பையைத் திறந்ததும் புல்லைப் பருத்தித் துணிப்பைக்கு மாற்றி, தரையிலிருந்து உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைத்தால் நன்றாக நிற்கிறது. வெயில் நாளில் சிறிது நேரம் நிழற்காற்றில் உலர்த்தலாம். கடும் வெயிலில் பரப்பினால் நிறமும் மணமும் போய்விடும். புல் தின்னும் முயலுக்குத் தண்ணீரும் நிறைய வேண்டும், குறைந்தால் புல்லை நிறுத்திவிடும். சொட்டுக் குழாயைவிடக் கனமான மண் கிண்ணத்தில் அது கூடுதலாகக் குடிக்கிறது. ஏப்ரல் வெப்பத்தில் இதை மிகவும் கவனிக்க வேண்டும், முயலுக்கு வியர்வை வழியே உடலைக் குளிர்விக்க இயலாது.

புல் வைக்க இரும்புக் கம்பித் தட்டுகளைக் கடைகளில் வற்புறுத்துவார்கள். கழிப்பிடத் தட்டின் ஒரு முனையில் புல்லைக் குவித்துவிட்டாலே போதும். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கமுள்ளது, தட்டுக்குப் பழகுவதும் எளிதாகிறது. கம்பித் தரையுள்ள கூண்டை மட்டும் வாங்க வேண்டாம், பின்னங்கால் பாதத்தில் புண் வரும்.

குறை என்று சொன்னால் இரண்டு. இறக்குமதிப் பைகள் சில மாதங்களில் கடைகளில் கிடைப்பதே இல்லை, அதனால் ஒரு பை கையிருப்பில் இருக்க வேண்டியிருக்கிறது. அடுத்து, நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு இதன் விலை சுமைதான். எனினும் பல் கூர்மையாகி நாக்கைக் கிழித்த முயலை மயக்க மருந்து கொடுத்துச் சரிசெய்யும் செலவையும், அந்த உயிர் படும் வேதனையையும் அருகில் நின்று பார்த்தவர்கள் இந்த விலையை மனமுவந்து கொடுப்பார்கள்.

இதுவரை தீவனத்திலேயே வளர்ந்த முயலை ஒரே நாளில் புல்லுக்கு மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புல்லை எப்போதும் நிறைத்து வையுங்கள். புழுக்கையை அன்றாடம் பாருங்கள்: புல் நன்றாகத் தின்னும் முயலின் புழுக்கை பெரிதாக, உருண்டையாக, வெளிர்பழுப்பாக, உடைத்தால் நார் தெரியும்படி இருக்கும். சிறுத்துக் கறுத்தாலோ, முடியால் கோத்ததுபோல் தொடர்ந்து வந்தாலோ, முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாமல் மூலையில் ஒடுங்கினாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முயல் மருத்துவம் அறிந்தவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். அத்தகைய மருத்துவர் யார், இரவிலும் பார்ப்பாரா என்பதை, புல் வாங்கும் அன்றே விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.