மூன்று குடங்களும் ஒரு வெற்றுக் கோதும்: பித்தளையின் தரம் பற்றி 19 வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இன்றும் பித்தளைக் குடம்தான் புழங்குகிறது. அம்மா விட்டுச் சென்ற பழைய குடம், 2006இல் நகரக் கடையொன்றில் வாங்கிய குடம், 2010இல் வாங்கிய இன்னொரு குடம் என மூன்றை நான் அருகருகே வைத்துப் பாவித்திருக்கிறேன். இவற்றுடன், சாமியறையில் பூச்சாடியாக நிற்கும் 40 மில்லிமீற்றர் பொஃபர்ஸ் பீரங்கிக் குண்டின் வெற்றுக் கோது ஒன்றும் உண்டு. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வருவதற்கு முன்னர் அங்கே வேலை செய்த தாத்தா கொண்டுவந்தது அது. நான் கடைச்சல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த நான்கையும் வெறும் பாத்திரங்களாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

பித்தளையை வாங்குபவர்கள் பெரும்பாலும் மினுக்கத்தையும் பாரத்தையும் பார்க்கிறார்கள். நானும் 2006இல் அப்படித்தான் வாங்கினேன். அந்தக் குடம் அம்மாவின் குடத்தைவிடப் பாரமாக இருந்தது, நிறமும் எடுப்பாக இருந்தது. மூன்று வருடம் எந்தக் குறையும் சொல்லவில்லை. 2009 மாரிக்குக் கிணற்றடிக் கொட்டகை ஒழுகியதால், கார்த்திகை தொடக்கம் தை வரை இரண்டு குடங்களையும் மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருந்தோம். தைப்பொங்கலுக்கு எடுத்துத் துலக்கி நீர் நிரப்பியபோது, புதிய குடத்தின் கழுத்தில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, வியர்வை அரும்புவதுபோல் நீர் கசிந்தது. துடைத்துவிட்டு நகத்தால் வருடினேன். மயிரிழை அளவான ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடியது, நகம் அதில் தட்டியது. குடம் எங்கும் விழவில்லை, நசுங்கவில்லை, தகடு தேயவுமில்லை. மார்கழி முழுவதும் அதனருகிலேயே கவிழ்ந்து கிடந்த அம்மாவின் குடத்தில் ஒரு கீறலும் இல்லை.

இதற்கான விளக்கத்தை மெல்பேர்னில் இருக்கும் என் பெறாமகன்தான் முதலில் சொன்னான். அவன் அங்கே உரிமம் பெற்று இலக்குச் சுடும் கழகமொன்றில் இருக்கிறான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்ப நிரப்பிப் பாவிப்பது அவர்களிடையே வழமை. கீறலின் படத்தைப் பார்த்ததும், "சித்தப்பா, இது எங்கட கோதுகளின்ட கழுத்து வெடிக்கிற மாதிரியே இருக்குது, பக்கத்தில மாடு கட்டினதோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. பிரித்தானிய இந்தியாவில் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், ஒருவரும் தொடாமலே கழுத்தில் கீறல் விழுந்து பிளந்து போயின. மழைக்காலத்தில் நேர்ந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்து, உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் பித்தளையைப் பிளந்துவிடுகின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெடிப்பு நிகழாது. எங்கள் கொட்டிலில் ஈரமும் அமோனியாவும் இரு குடங்களுக்கும் பொதுவாகவே இருந்தன. அப்படியென்றால் வேறுபாடு குடங்களுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

தோட்டாக் கோதுக்கான பித்தளையில் செம்பு 70 வீதமும் நாகம் (துத்தநாகம்) 30 வீதமும் இருக்கும். இந்த அளவில் உலோகம் நன்றாக இழுபடும், ஆழமாக வளைத்தாலும் கிழியாது. ஆனால் குளிர்நிலையில் அடிக்கவும் இழுக்கவும் அது இறுகிக்கொண்டே போகும், அந்த இறுக்கத்துடன் விசையும் உள்ளே தங்கிவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கோதின் கழுத்து விரிகிறது, மீண்டும் அளவுக்கு ஒடுக்கும்போது சுருங்குகிறது. சில தடவைகளுக்குப் பிறகு அது வெடிக்காமல் இருக்க வேண்டுமானால் கழுத்தையும் அதன் கீழுள்ள தோளையும் மட்டும் சுவாலையில் காட்டி இளக்க வேண்டும், அதாவது உருகவிடாமல் இறுக்கம் போக மென்மையாக்க வேண்டும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. வெடியழுத்தத்தைத் தாங்குவது அந்த இறுகிய அடிதான், அது இளகினால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. இரும்பை இளக்க மெதுவாக ஆறவிட வேண்டும், பித்தளைக்கு அந்தக் கட்டாயமில்லை, சூடாக்கியவுடன் தண்ணீரில் போட்டாலும் இளகியது இளகியதுதான். பட்டறையில் இதைக் கைப்பழக்கமாகச் செய்திருந்தும், குடத்தின் கழுத்தோடு இணைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பெறாமகன் பல வருடமாகக் கோதுகளை ஒப்பிட்டுக் குறிப்பு வைத்திருக்கிறான். பின்லாந்தின் லபுவா கோதுகளையே முதலில் வைக்கிறான். அவற்றின் கழுத்தில் இளக்கியபோது படிந்த நீலமும் பழுப்பும் கலந்த சாயலைத் துலக்காமல் அப்படியே விட்டு அனுப்புகிறார்கள், அதனால் வேலை நடந்ததற்கான அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் ஒரே தொகுதியில் நூறு கோதுகளை நிறுத்து, சராசரியிலிருந்து விலகியவற்றை ஒதுக்குகிறான், கழுத்துச் சுவரின் தடிப்பைச் சுற்றிவர அளக்கிறான். இராணுவக் கோது பெரும்பாலும் பாரமானது, ஆகவே உள்ளே இடம் குறைவு. அதே அளவு வெடிமருந்தைப் போட்டால் அழுத்தம் கூடும் என்பதால் இராணுவக் கோதையும் மற்றவற்றையும் அவன் ஒருபோதும் கலப்பதில்லை. பாரம் கூடியது தரம் கூடியது என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.

தகட்டின் தடிப்பை நுணுக்கமாக அளக்கும் திருகுக்கணிச்சியை எடுத்து என் குடங்களின் கழுத்தை அளந்தேன். அம்மாவின் குடத்தில் எங்கு வைத்தாலும் 0.9 மில்லிமீற்றருக்குக் கிட்டவே வந்தது. வெடித்த குடத்தில் ஒரு பக்கம் 0.8, எதிர்ப்பக்கம் 0.5, கீறல் அந்த மெல்லிய பக்கத்தில்தான் இருந்தது. அதன் பாரமெல்லாம் அடித்தகட்டிலும் விளிம்புச் சுருளிலும் இருந்தது. பாத்திர வேலை தெரிந்த முதியவர் ஒருவரிடம் இரண்டையும் காட்டினேன். கழுத்தை ஒடுக்கி முடித்ததும் உமிநெருப்பில் ஒருமுறை வாட்டி எடுப்பதுதான் தங்கள் காலத்து வழக்கம் என்றும், நேரமும் விறகும் மிச்சம் பிடிப்பதற்காக இப்போது அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். தங்கிய விசையை நீக்க ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் போதும், உலோகம் சிவக்க வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய வேலையைத் தவிர்த்து ஒரு குடத்தின் ஆயுளைக் குறைப்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது.

2010இல் வாங்கிய மூன்றாவது குடத்தைக் கடையிலேயே கழுத்தைச் சுற்றி அளந்துதான் எடுத்தேன், அளவு சீராக இருந்தது. வாங்கிய கையோடு அந்த முதியவரிடம் கொடுத்துக் கழுத்தை வாட்டுவித்தேன். நிறம் சற்று மங்கியதைக் கண்டு மனைவி முதலில் முகம் சுளித்தாள், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததும் பழைய நிறம் வந்துவிட்டது. பதினைந்து மாரி கடந்தும் கழுத்தில் கோடில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் கிணற்றில் கோடையின் கடைசியில் உவர் ஏறும். அப்போது நீர் தேங்கி நிற்கும் அடிப்பகுதியில் செம்புச் சிவப்பாகப் புள்ளிகள் விழுகின்றன. புளி போட்டபின் சில வேளை மேலாக ஏறும் சிவப்பு, சாம்பலால் தேய்த்தால் போய்விடும். இது போவதில்லை, ஏனென்றால் உப்புநீரில் நாகம் கரைந்து வெளியேற, நுண்துளை விழுந்த செம்பு மட்டும் அங்கே மிஞ்சுகிறது. நாகம் கூடிய மலிவான தகட்டில் இது விரைவாக வரும். ஊசிமுனையால் அழுத்திப் பார்க்கிறேன், இன்னும் உறுதியாகவே இருக்கிறது. அம்மாவின் குடத்தில் இத்தகைய புள்ளிகள் இரண்டு மட்டுமே.

குத்துவிளக்கு போன்ற வார்ப்புச் சாமான்களை இந்த அளவுகோலால் அளக்க வேண்டாம், அவற்றின் குறைகள் வார்ப்பில் பிறப்பவை.

தாத்தாவின் கோது 1943 என்ற முத்திரையுடன் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, வாயில் ஒரு வெடிப்பும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் காணி துப்புரவாக்கும்போது இத்தகையவை இன்றும் தட்டுப்படுவதுண்டு என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: வெற்றுக் கோதுபோல் தெரிந்தாலும் கை வைக்காமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

குடங்களை இப்போது மாட்டுக் கொட்டிலிலும் கோழிக் கூட்டருகிலும் யூரியா மூட்டை அடுக்கிய அறையிலும் வைப்பதில்லை. வெடித்த குடத்தின் கழுத்தை வெட்டியெடுத்துத் துளசி நட்டிருக்கிறோம். மற்ற இரண்டின் கழுத்தையும் வருடந்தோறும் தைப்பொங்கலுக்கு முன் நீர் நிரப்பி, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணிநேரம் விட்டுப் பார்க்கிறேன்.