ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? உடனே ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்

கரூரில் போர்வை, தலையணை உறை தைத்து அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. போன மாதம் 18ஆம் தேதி மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 3பி போட உட்கார்ந்தேன். மெயில், பேங்க், யூடியூப் எல்லாம் வந்தன. ஜிஎஸ்டி தளம் மட்டும் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. 20ஆம் தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பயந்துபோய் சிபியூவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சுக்கா, ஃபார்மட் போட்டே ஆகணும்" என்றார் கடைக்காரர். அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. பில் 1,800 ரூபாய். சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினேன், தளம் வந்தது. ரிட்டர்ன் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்திருந்தான். நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். திரையின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்ததுமே, "அத்தை, ஃபயர்வால் மொத்தமும் ஆஃப்ல இருக்கு" என்றான். ஃபயர்வால் என்பது நெட் வழியாக வருவதையும் போவதையும் பார்த்துத் தடுக்கும் காவல். ஆன்டிவைரஸின் ஃபயர்வால், விண்டோஸ் ஃபயர்வால் இரண்டையும் கடையில் அணைத்து வைத்திருக்கிறார்கள். பேங்க் பாஸ்வேர்டு போடுகிற கம்ப்யூட்டரில் அன்றிலிருந்து காவலே இல்லை.

சரி, ஃபார்மட்டாவது நடந்ததா? கறுப்புத் திரையில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்று அடித்துக் காட்டினான். விண்டோஸ் நிறுவிய தேதி 2022 நவம்பர்! நான் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடந்த பார்ட்டி பில்கள் எல்லாம் அப்படியே இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது.

அப்புறம் இரண்டு ஃபயர்வாலையும் ஆன் செய்தான். ஜிஎஸ்டி தளம் மறுபடி நின்றுவிட்டது. அதே வைஃபையில் என் போனில் திறந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அப்படியானால் லைனிலோ தளத்திலோ கோளாறு இல்லை, தடை கம்ப்யூட்டருக்குள்தான் என்றான். விண்டோஸ் ஃபயர்வால் பொதுவாக ஐபி எண் (நெட்டில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரி எண்), போர்ட் (இணைப்பு வாசல் எண்), புரோகிராம் பார்த்துத்தான் தடுக்கும், தளத்தின் பெயர் பார்த்துத் தடுப்பது பெரும்பாலும் ஆன்டிவைரஸ், ரவுட்டர், இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தத் தளப் பெயருக்கு எந்த ஐபி எண் என்று கம்ப்யூட்டருக்குள் எழுதிவைக்கும் ஃபைல்) என்றும் சொன்னான். ஆன்டிவைரஸில் 'பிளாக்டு' பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு வரி, ஜிஎஸ்டி தள முகவரி. எப்போதோ எட்டிப்பார்த்த எச்சரிக்கைப் பெட்டியில் யாரோ 'பிளாக்' அழுத்தியிருக்கிறோம். அந்த வரியை நீக்கினான், தளம் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பில்லோடு கடைக்குப் போய்க் கேட்டேன். "ஃபயர்வாலை ஆன் பண்ணாதீங்கக்கா, மறுபடி நின்னுடும்" என்றார். நிறுவிய தேதியைப் போட்டோ எடுத்துக் காட்டியபிறகு 1,000 ரூபாய் திருப்பித் தந்தார்.

ரிட்டர்ன் கடைசித் தேதி நெருக்கடியில் என்னைப் போல ஓடாதீர்கள். முதலில் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள், ஆன்டிவைரஸ் பட்டியலையும் பாருங்கள். கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், எதை மாற்றினார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேங்க் தளத்தைத் திறவுங்கள்.