பால் மறந்த குதிரைக்குட்டிக்கு எது: தவிடு, பெலட், லூசேர்ன்?

கொழும்பில் குட்டிக்கு மேய்ச்சல் நிலம் வாய்ப்பது அரிது. தொட்டியில் போடுவதைக் கொண்டுதான் எலும்பு வளரவேண்டும். வளர்ந்தால் 500 கிலோ எட்டக்கூடிய ஆறு மாதக் குட்டிக்கு (இப்போது 215 கிலோ அளவு) நாளுக்குத் தேவை: புரதம் ஏறக்குறைய 675 கிராம், லைசின் (வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலம்) 29, கல்சியம் 39, பொஸ்பரஸ் 21.

தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் வெட்டுப்புல்லும்தான் மலிவு. சிக்கல் தவிட்டில். ஒரு கிலோ அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் 16 கிராம் வரை உண்டு. கல்சியமோ 1 கிராம் சொச்சம். கல்சியம் பொஸ்பரஸைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். குறைந்தால் உடல் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவும். தாடையும் முகமும் வீங்கும். கினிப்புல், சீஓ-3 என்னும் கலப்பினத் தீவனப்புல் இரண்டிலும் உள்ள ஒக்சலேற்று இருக்கிற கல்சியத்தையும் கட்டிப்போடும். கிலோ தவிட்டுக்குத் தீவனத்தரச் சுண்ணாம்புத்தூள் (கல்சியம் காபனேற்று) 60 கிராம் சேர்த்தால் கணக்குச் சரியாகும், ஆனால் செய்பவர் குறைவு. புண்ணாக்கில் புரதம் 20 வீதம் இருந்தும் லைசின் போதாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் வேறு.

குட்டிகளுக்கான இறக்குமதிப் பெலட்டில் (குளிகையாக அழுத்திய கலப்புத்தீவனம்) செம்பு, நாகம் (சிங்க்) உட்பட எல்லாம் அளந்தே வரும், பையில் எழுதிய அளவு கொடுத்தால். மூன்று கிலோ என்று இருக்க, விலைக்குப் பயந்து ஒரு கிலோ போட்டு மிச்சத்தைத் தவிட்டால் நிரப்பினால் பெலட் வாங்கியதே வீண். அளவு மீறினால் குட்டி வேகமாய்ப் பருத்து மூட்டுக் குருத்தெலும்பு கெடும். ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

எங்கள் தெரிவு லூசேர்ன், அதாவது குதிரை மசால் என்னும் அவரையினத் தீவனப்பயிர். உலர்ந்தது 2 கிலோ போட்டாலே கல்சியம் 25 கிராம், புரதம் 350 கிராம் கிடைக்கும். கூடவே பச்சைப்புல் 12–15 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ, சோயாப் புண்ணாக்கு 200 கிராம், சுண்ணாம்புத்தூள் 30 கிராம், குதிரைக்கான தாதுக்கலவை, உப்பு. தவிடு வேண்டியதில்லை. லூசேர்ன் கிடைக்காத மாதங்களில் பெலட்டுக்கு மாறலாம். மாற்றம் பத்து நாளில் படிப்படியாக.

கோழித்தீவனம், கன்றுத்தீவனம் இரண்டும் தொழுவத்துக்குள்ளேயே வரக்கூடாது. சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவிலும் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

முழங்காலுக்கு மேலோ கணுக்காலிலோ வீக்கம் தெரிந்தால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை குறைக்கவேண்டியது பெலட்டையும் தானியத்தையும். தாதுக்கலவையில் கை வைக்காதீர்கள்.