பேப்பரை போனுக்குள் போட்டாச்சு, திரும்ப எடுப்பது எப்படி?

புது போன் வாங்கிய அன்றுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஐந்து வருடமாக ஒரே ஸ்கேன் செயலியில் சேர்த்து வைத்திருந்தேன். உள்ளே 400 சொச்சம் தாள்கள், மொத்தமாக வெளியே எடுக்க வழியே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, 'பகிர்' அழுத்தி, சேமித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். பெயர்களோ 'புதிய ஆவணம் 1', 'புதிய ஆவணம் 2' என்று வரிசையாக நின்றன. செயலியின் பெயர் வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அதிலிருந்து எந்த ஸ்கேன் செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, உள்ளே போன தாள் எங்கே போய் உட்காருகிறது என்பதைத்தான்.

படத்தின் தரத்தைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். எழுத்துக்குப் போதும் என்று வழக்கமாகச் சொல்லும் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 2480க்கு 3508 புள்ளி, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். 12 மெகாபிக்சல் கேமராவில் தாள் திரை நிறைய வந்தால் அதற்கு மேலேயே கிடைத்துவிடும். ஓரம் கண்டுபிடிப்பது, சாய்வை நிமிர்த்துவது எல்லாம் இன்று எல்லாச் செயலியும் செய்கிற வேலை. வெள்ளை மேஜையில் வெள்ளைத் தாளை வைத்தால் எல்லாமே ஒன்றுபோலத் தடுமாறும். அடர்நிறத் துணியை விரித்து, ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள், எந்தச் செயலியானாலும் படம் நன்றாக வரும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஃபில்டர். ஒரு கடிதத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டேன். எழுத்து அச்சடித்த மாதிரி பளிச்சென்று வந்தது. மூலத்தை அருகில் வைத்துப் பார்த்தால், கையெழுத்தின் மேல் விழுந்திருந்த வெளிர்நீல முத்திரையில் பாதி வட்டத்தைக் காணோம், ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த தேதி அடியோடு போயிருந்தது. இந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாக முடிவு செய்துவிடும், மங்கலானது எதுவும் அதில் தப்பாது. முத்திரை இருக்கும் தாள் என்றால் நான் கலரில்தான் எடுக்கிறேன்.

இனி செயலிகள். ஐபோன் வைத்திருப்பவர்கள் தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. போனோடு வரும் நோட்ஸ் செயலியில் ஸ்கேன் வசதி 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் வந்தது, ஃபைல்ஸ் செயலியில் 2019-ல் ஐஓஎஸ் 13-உடன். பலர் நோட்ஸில் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே தாள் ஒரு குறிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஃபைல்ஸில் எடுத்தால் நாம் சொன்ன ஃபோல்டரில், நாம் வைத்த பெயரில், சாதாரண பிடிஎஃப் ஆக இருக்கும். அடையாளச் சான்றுகள் கிளவுடுக்குப் போக வேண்டாம் என்றால் போனிலேயே உள்ள ஃபோல்டரில் போட்டுக்கொள்ளலாம். பேக்கப் இல்லாமல் போன் தொலைந்தால் அதுவும் போச்சு.

ஆண்ட்ராய்டில் எனக்குப் பிடித்தது கூகுள் டிரைவுக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் பொத்தான். அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் பிடிஎஃப் நேராக ஃபோல்டருக்குப் போகிறது, போன் மாறினாலும் கணக்கில் நுழைந்தால் அங்கேயே இருக்கிறது. இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்து பங்கு போடுகிற இடம். தமிழ்த் தாள்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. கணினியில் அந்த பிடிஎஃப்பை கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்சுத் தமிழை எழுத்தாக மாற்றித் தரும். பத்தி அமைப்பு கலையும், சில எழுத்து பிசகும். ஆனாலும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்கு இது எவ்வளவோ மேல்.

அடோபி ஸ்கேனின் பலம் ஓசிஆர், அதாவது படத்தில் தெரியும் எழுத்தைப் படித்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது. ஆங்கில அச்சுத்தாள் என்றால் எடுத்த கையோடு தேடக்கூடிய பிடிஎஃப் கிடைக்கிறது, இலவசத்தில் ஒரு கோப்புக்கு 25 பக்கம் வரை. ஒரு கட்டு ஒப்பந்தங்களுக்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டியவர்களுக்கு நல்லது. தாள் முதலில் போவது அடோபி கணக்குக்கு என்பதால், பிரதியை உங்கள் ஃபோல்டருக்கு அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கேம்ஸ்கேனரில் வசதிக்குக் குறைவில்லை, இலவசப் பதிப்பில் பக்கத்தில் செயலியின் பெயர் விழும் வாட்டர்மார்க்கும் உண்டு. 2019 ஆகஸ்டில் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்த விளம்பரப் பகுதியில் தீங்குநிரல் இருப்பதை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, கூகுள் அதை பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. சரிசெய்த பிறகு திரும்ப வந்தது. பழைய கதைதான், இருந்தாலும் வீட்டுப் பத்திரத்தை அதில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. மைக்ரோசாஃப்ட் லென்ஸ் நிஜமாகவே நல்ல செயலியாக இருந்தது. அதையும் மூடப்போவதாக 2025-ல் அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் செயலிக்கே இந்தக் கதி என்பதால்தான் ஃபோல்டர், பிடிஎஃப் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெயருக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் வருடம், பிறகு மாதம், நாள், அப்புறம் விஷயம்: '2025-03-14 உத்தரவாத அட்டை'. எந்தக் கணினியில் போட்டாலும் காலவரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும்.

மேஜை ஸ்கேனரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பளபளப்பான பழைய புகைப்படத்தை போனில் எடுத்தால் விளக்கொளி அதில் முகம் பார்க்கும். கண்ணாடியில் கவிழ்த்து 600 டிபிஐ-யில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தாளைத் தானாக இழுக்கும் வகை என்றால் 50 பக்கக் கட்டுக்கு போன் பக்கத்திலேயே நிற்க முடியாது. அதற்காகப் பெரிய இயந்திரம் தப்பே செய்யாது என்றும் நம்பிவிடாதீர்கள். 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் அலுவலக இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு எண்களே மாறி வந்திருந்தன. கோப்பைச் சிறிதாக்கும் முறை, ஒன்றுபோலத் தெரிந்த எழுத்துத் துண்டுகளை ஒன்றுக்கு மற்றொன்றாக ஒட்டியிருந்தது. 6 இருந்த இடத்தில் 8, அதுவும் துளி மங்கல் இல்லாமல். தொகை எழுதிய தாளை ஸ்கேன் செய்தால், மூலத்தைப் பீரோவில் வைப்பதற்கு முன் ஒரு தடவை எண்களை ஒத்துப் பார்த்துவிடுகிறேன்.