சாசலிட்டோ மரைன் மேமல் சென்டர்: மிருகக்காட்சி சாலைன்னு நெனச்சுப் போகாதீங்க

சான் பிரான்சிஸ்கோலேர்ந்து கோல்டன் கேட் பாலம் தாண்டினா ஒரு ஒத்த லேன் டனல் வரும், சிகப்பு விழுந்துச்சுன்னா 5 நிமிஷம் நிக்கணும், அதுக்கப்புறம் மலை மேல இந்த எடம். பழைய ஏவுகணைத் தளத்துல 1975-ல ஆரம்பிச்ச கடல் மிருகங்களுக்கான ஆஸ்பத்திரி. ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவுக்கு சீல் குட்டி காட்டலாம்னுதான் போனோம். ஆனா எல்லாம் நோயாளிங்க, பாதி தூங்குது, வித்தையெல்லாம் ஒண்ணும் காட்டாது. போனில் சிக்னல் கிடைக்கறதும் கஷ்டம், ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துக்கோங்க, வெயில் காலத்துலயும் காத்து பிச்சு எடுக்கும்.

என்னைப் பொறுத்தவரை இங்க போறதுக்கு ஒரே காரணம் அந்த கேன்சர் கதைதான். கலிபோர்னியா கடல் சிங்கத்துக்கு கேன்சர் வருதுன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது, இங்க வர்ற வளர்ந்த கடல் சிங்கத்துல 18லேர்ந்து 23 சதவீதத்துக்கு இருக்காம்! கர்ப்பப்பை வாய், ஆணா இருந்தா குறி, அந்தப் பக்கம் ஆரம்பிச்சு முதுகெலும்பு வரைக்கும் பரவிடுது. கஷ்டம் என்னன்னா அது வாயத் திறந்து சொல்லாதே, மெலிஞ்சு போய் பின்பக்கம் வீங்கி, பின் துடுப்ப இழுத்துக்கிட்டு கரையில கெடக்கும்போதுதான் ஆளுங்க பாக்கறாங்க, அதுக்குள்ள முத்திப் போயிருக்கும். அக்வேரியத்துல வளர்ற கடல் சிங்கத்த அசையாம படுன்னு பழக்கி ஸ்கேன் எடுத்துடலாம், இது காட்டு மிருகம், கிட்டப் போனா கடிச்சுடும், அதனால மயக்கம் குடுத்துதான் அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே எல்லாம். கட்டி சிறுநீர்க் குழாய அடைச்சு கிட்னி வீங்கியிருக்கறது ஸ்கேன்ல தெரிஞ்சுடுமாம், ஆனா கேன்சர்தான்னு உறுதியா சொல்ல திசுவ எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், பல தடவ அது செத்தப்புறம் போஸ்ட்மார்ட்டத்துலதான்.

காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ், கூடவே அதுங்க கொழுப்புல தேங்கி நிக்கற டிடிடிங்கற பூச்சி மருந்தும் பிசிபிங்கற தொழிற்சாலை ரசாயனமும். 394 கடல் சிங்கத்த வச்சு 2020-ல வந்த ஆய்வுல, வைரஸ் இருந்தா கேன்சர் வர்ற வாய்ப்பு 43 மடங்கு கிட்ட கூடுதுன்னு சொல்லியிருக்காங்க. டிடிடிய அமெரிக்கா 1972-லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கடல்ல கொட்டினது இன்னும் போகல பாருங்க.

"ஆபரேஷன் பண்ண மாட்டாங்களா?"ன்னு அம்மா கேட்டாங்க. வைத்தியம் இல்ல, வலியில்லாம ஊசி போட்டு உயிர முடிச்சுடறாங்கன்னு சொன்னதும் முகம் வாடிப் போச்சு. ரொம்பச் சின்னப் பசங்களக் கூட்டிட்டுப் போறவங்க இத யோசிச்சுக்கோங்க, மத்தபடி அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

பொம்பளைங்களுக்கும் கர்ப்பப்பை வாய் கேன்சர் (வேற) ஒரு வைரஸாலதான் வருதுன்னு நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா எடுத்துச் சொன்னேன். திரும்பி வரும்போது அதே டனல்ல சிகப்பு லைட், 5 நிமிஷம், அம்மா மெதுவா "நீ அந்த டெஸ்ட் எடுத்தியாடி?"ன்னாங்க. இன்னும் எடுக்கல.